வாய் திறவாத மாணாக்கன்

சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதில் நண்பர் ஒருவர் தம் புதல்வனை அழைத்துக்கொண்டு நமது இல்லத்திற்கு வந்திருந்தார். பையனுக்கு வயது பத்து. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தன் பாடசாலையிலேயே முதலாவதாகத் தேறியவன். தந்தையின் முகத்தில் பெருமை பொங்கி வழிந்ததில் வியப்பில்லை.

"மகன், இலங்கையின் ஆறுகளை மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்றார் நண்பர். பையன் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். மகாவலி, மல்வத்து ஓயா, களனி, களு, வளவை எனப் பெயர்கள் தடையின்றி வந்தன. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர் என்பதையும் கேளாமலே கூறி முடித்தான். நாம் மனமார மெச்சினோம். பின்னர், பேச்சை வளர்க்கும் எண்ணத்துடன், "தம்பி, இவற்றிற் பெரிய ஆறுகள் பல நாட்டின் நடுவிலே பிறந்து நாலா திசையும் ஓடுகின்றனவே, அஃது ஏன்?" என்று வினவினோம்.

பையன் நம்மைப் பார்த்தான், தந்தையைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். சிறிது நேரங் கழித்து மெல்லிய குரலில், "மாமா, அது நோட்டில் இல்லை" என்றான்.

நண்பர் சிரித்துச் சமாளித்தார். ஆயினும், பையன் முற்றத்திற்குச் சென்றபின் அவர் கூறிய வார்த்தை நம் நெஞ்சைத் தைத்தது. "முன்பெல்லாம் ஓயாமற் கேள்வி கேட்டுத் தொல்லைப்படுத்துவான், ஐயா. மூன்றாந் தரத்திலிருந்து ரியூசன் வகுப்புக்கு அனுப்பி வருகிறோம். இப்பொழுது புள்ளிகள் நிறைய வருகின்றன, பேச்சுத்தான் வருவதில்லை" என்றார்.

நண்பர் சென்ற பின்னும் அந்த வார்த்தை நம்மை விட்டகலவில்லை. அப்போது நமக்கு நினைவில் வந்தவர் அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறபு அறிஞர் ஒருவர். வாய் திறவாத இந்த மாணாக்கனை அவர் அன்றே கண்டிருக்கிறார், கண்டு வருந்தியிருக்கிறார், காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

பதினாறு ஆண்டும் ஐந்து ஆண்டும்

அவ்வறிஞரின் பெயர் இப்னு கல்தூன். 1332ஆம் ஆண்டில் தூனிஸ் நகரிலே பிறந்து, 1406ஆம் ஆண்டில் கெய்ரோவில் மறைந்தவர். பதினேழாம் வயதளவில் கொள்ளைநோய்க்குப் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் பறிகொடுத்தவர். அரசவைகளிற் பதவி வகித்தார்; சிறையுங் கண்டார்; நீதிபதியாக வீற்றிருந்தார்; மாணாக்கருக்குப் பாடமும் நடத்தினார். அரசியற் சூறாவளியிலிருந்து சிறிது காலம் ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையிலே தங்கியிருந்தபோது, 1377ஆம் ஆண்டில், தமது உலக வரலாற்று நூலுக்கு முன்னுரையாக அவர் எழுதியதே "முகத்திமா" என்னும் பெருநூல். அரசுகள் எழுவதும் வீழ்வதும் எவ்வாறு என்று ஆராயும் அந்நூலின் இறுதிப் பகுதியிலே கல்வியைப் பற்றி அவர் விரிவாகப் பேசுகின்றார்.

தம் காலத்து மொரோக்கோ நாட்டில் கலாசாலை மாணாக்கர் தங்கிக் கற்பதற்கு விதித்த காலம் பதினாறு ஆண்டுகள் என்றும், தூனிஸில் அது ஐந்தே ஆண்டுகள் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். பதினாறு ஆண்டு கற்றவர் மும்மடங்கு அறிவாளியாக இருத்தல் வேண்டுமன்றோ? அவர் கண்டதோ வேறு. அம்மாணாக்கரிற் பலர் வாழ்நாளிற் பெரும்பகுதியை அறிஞர் சபைகளிற் கழித்தும் ஒரு வார்த்தை பேசாது மௌனமாகவே இருந்தனராம். மனனஞ் செய்வதில் அவர்கள் தேவைக்கு மிஞ்சிய கவனஞ் செலுத்தினர். பிறரைவிட அதிகமாகவே மனனஞ் செய்துமிருந்தனர். ஆனால், தாம் கற்றதைப் பற்றி உரையாடவோ, வாதிக்கவோ, பிறருக்குக் கற்பிக்கவோ முற்பட்டால் அவர்களுடைய கல்வி கைகொடுக்கவில்லை. காலம் நீண்டதற்குக் காரணம் பாடத்தின் பெருமையன்று, கற்பித்த முறையின் குறைபாடே என்பது அவருடைய தீர்ப்பு.

இவ்விடத்தில் அவர் ஆளும் ஒரு சொல்லை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று. "மலகா" என்பது அச்சொல். பழகிப் பழகி உள்ளத்திலே வேரூன்றிவிட்ட ஆற்றல் என்று அதற்குப் பொருள் கூறலாம். தச்சனுடைய கைக்கு உளி எவ்வாறோ, அவ்வாறே கற்றவனுக்குக் கல்வி அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு நூலின் வாசகங்களை நினைவில் வைத்திருத்தல் வேறு. அக்கலை கைவரப் பெறுதல் வேறு. கைவரப் பெறுவதற்கு மிக எளிய வழி யாது? வாய்விட்டு உரையாடுதலும், கருத்துக்குக் கருத்து மோதவிட்டு வாதித்தலுமே என்கிறார் அவர்.

நம் பையன் ஆறுகளின் பெயரை நினைவில் வைத்திருந்தான். ஆறு எவ்வாறு ஓடுகிறது என்பது அவனுக்குக் கைவரவில்லை. குறை அவனுடையதன்று.

மூன்று சுற்றுப் பாடம்

குறை கூறுதல் எளிது. வழி காட்டுதல் அரிது. இப்னு கல்தூன் வழியுங் காட்டினார். ஒரு கலையை மாணாக்கனுக்கு மூன்று சுற்றுக்களாகக் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. முதற் சுற்றில் ஒவ்வோர் அதிகாரத்தின் தலையாய செய்திகளை மட்டும் சுருக்கமாக எடுத்துரைத்து, பிள்ளையின் மனம் அதனை ஏற்கும் அளவை ஆசிரியர் கவனிக்க வேண்டும். இரண்டாஞ் சுற்றில் அதே பாடத்தைச் சற்று உயர்ந்த நிலையில் எடுத்து, விளக்கங்களையும் அறிஞர்களின் கருத்து வேற்றுமைகளையும் காட்ட வேண்டும். மூன்றாஞ் சுற்றில் கடினமானது, மறைவானது என எதனையும் விட்டுவையாது தெளிவுபடுத்த வேண்டும். இவ்வாறு மும்முறை சென்று வருகையிலே கலை கைவரும். சிலருக்கு இதனினுங் குறைந்த சுற்றும் போதும் என்று திறமை வேறுபாட்டையும் அவர் மறவாது குறித்துள்ளார்.

இதற்கு மாறாக, தொடக்கத்திலேயே சிக்கலான வினாக்களைப் பிள்ளையின் முன்னே குவித்தால் நிகழ்வது என்ன? அவனுடைய மனம் களைத்துப் போகிறது. கல்வியே கடினமென்று எண்ணி அவன் விலகுகிறான். பழி கல்வியின் மேல் விழுகிறது, பிழையோ கற்பித்தவருடையது. இரண்டு கலைகளை ஒருங்கே தொடங்கி மனத்தைச் சிதறவிடுவதும், பாடத்திற்கும் பாடத்திற்கும் இடையே நெடுநாள் விட்டு மறக்கச் செய்வதும் தகா என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

இன்னுமொன்று கூறுகின்றார், அதனைக் கேட்கும் இன்றைய பெற்றோர் திடுக்கிடுவர். அவர் காலத்திலே பெரிய நூல்களைப் பிழிந்து, மனனஞ் செய்வதற்கு வசதியாக மிகச் சுருங்கிய கைந்நூல்களை ஆக்கும் வழக்கம் பெருகியிருந்தது. மாணாக்கரின் சுமையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால், நெருக்கித் திணித்த அச்சொற்களின் பொருளைத் துருவி எடுப்பதிலேயே மாணாக்கனின் காலம் கழிந்து, சுமை பெருகியதன்றிக் குறையவில்லை என்பது இப்னு கல்தூனின் முறைப்பாடு. பரீட்சைக் காலத்திலே நம் நகரத்துப் புத்தகக் கடைகளில் வாசல்வரை அடுக்கி வைத்திருக்கும் சுருக்கக் குறிப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் அவர் கண்டிருப்பின், மேலும் ஓர் அதிகாரம் எழுதியிருப்பார் போலும்!

மனனம் குற்றமா?

அவ்வாறாயின் மனனஞ் செய்வதே தவறோ என்று மாணவ நேயர்கள் மகிழ்ச்சியுடன் வினவக்கூடும். பொறுங்கள், இமாம் கஸ்ஸாலியின் வரலாற்றிலே இதற்கு விடை கூறும் ஒரு சம்பவம் உண்டு.

கஸ்ஸாலி 1058ஆம் ஆண்டில் பாரசீகத்துத் தூஸ் நகரிலே பிறந்தவர். இளமையில் ஜுர்ஜான் என்னும் ஊருக்குச் சென்று கற்று, ஆசிரியர் கூறியவற்றையெல்லாம் ஏடுகளில் எழுதிக்கொண்டு ஊர் திரும்பினார். இடைவழியிலே கள்வர்கள் மறித்துப் பொருள்களை எல்லாம் பறித்துக்கொண்டனர். மற்றவை போகட்டும், ஏடுகளை மட்டுமாவது தரவேண்டும் என்று அவர் கள்வர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று மன்றாடினார். தம் கல்வி முழுவதும் அவற்றில் இருப்பதாகவுங் கூறினார். தலைவன் சிரித்துவிட்டானாம். ஏட்டைப் பறித்தவுடன் அறிவில்லாதவனாகிவிடும் நீ எவ்வாறு கற்றவன் ஆவாய் என்ற கருத்துப்படக் கேட்டுவிட்டு, ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கள்வனையே தமக்குக் குருவாய் வந்தவனாகக் கருதிய கஸ்ஸாலி, ஊர் சேர்ந்ததும் மூன்று ஆண்டுகள் அமர்ந்து, எழுதியவற்றையெல்லாம் மனத்தில் ஏற்றிக்கொண்டார்.

ஆகவே, மனனம் இகழத்தக்கதன்று. கி.பி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய ஆசியப் பகுதியிலே வாழ்ந்த அஸ்ஸர்னூஜி என்பவர் மாணாக்கர்களுக்கென ஒரு சிறு நூல் எழுதினார். "தஃலீமுல் முதஅல்லிம்" என்னும் அந்நூல் இன்றும் பல நாட்டு அறபுக் கலாசாலைகளிலே ஓதப்படுகின்றது. நேற்றைய பாடத்தை இன்று ஐந்து முறையும், முந்திய நாட் பாடத்தை நான்கு முறையும், அதற்கு முந்தியதை மூன்று முறையும், இவ்வாறே இரண்டு, ஒன்று எனக் குறைத்தும் மீட்டல் வேண்டும் என்று அதிலே கணக்கிட்டுக் கூறியிருக்கின்றார். மறதி எவ்வாறு நிகழ்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய உளவியலறிஞர் பரிசோதித்து வெளியிட்டது 1885ஆம் ஆண்டில். நாள் விட்டு நாள் மீட்பதன் நன்மையை அஸ்ஸர்னூஜி அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அனுபவத்தால் அறிந்திருந்தார். ஆனால், அதே அஸ்ஸர்னூஜி, ஒரு நாழிகை நேரம் பிறருடன் கலந்து வாதிப்பது ஒரு மாதம் தனித்திருந்து மீட்பதிலும் மேலானது என்ற கருத்தையும் எடுத்துக் கூறுகின்றார். முதலில் நினைவில் நிறுத்து. பின்னர் நாவிலே பழக்கு என்பதே இவர்கள் அனைவரின் நெறி.

நினைவில் நின்றும் விளங்காதது எத்தகையது என்பதற்கு மாமேதை இப்னு சீனாவே சாட்சி. 980ஆம் ஆண்டில் புகாரா நகரின் அருகே பிறந்து, மருத்துவத்தில் உலகப் புகழ் எய்திய அவர், தம் வரலாற்றைத் தாமே கூறியிருக்கின்றார். சிறுவயதில் இந்தியக் கணித முறையை அவருக்குப் பயிற்றியவர் ஒரு காய்கறி வணிகர்! பின்னர் அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருள் நூலை அவர் நாற்பது முறை வாசித்தார். நூல் முழுவதும் மனனமாகிவிட்டது, பொருளோ விளங்கவில்லை. இனி இது நமக்கு விளங்காது என்று கைவிட்டிருந்த வேளையில், புத்தகக் கடைத்தெருவிலே ஒருவன் ஒரு நூலை மூன்று திர்ஹத்துக்கு வற்புறுத்தி விற்றான். அது அல் பாராபி என்னும் அறிஞர் அந்நூலின் நோக்கத்தைப் பற்றி எழுதிய விளக்கம். வீடு சென்று வாசித்தவுடனே, மனத்தில் உறங்கிக்கிடந்த அத்தனையும் ஒருங்கே விளங்கிற்று. மறுநாள் அவர் ஏழைகளுக்குத் தானம் வழங்கினார். மனனம் என்பது பூட்டிய பெட்டி என்றால், திறவுகோல் பிறர் ஒருவரின் விளக்கத்திலே இருந்தது. அத்திறவுகோலைப் பிள்ளையின் கையிற் கொடுப்பதற்கே ஆசிரியரும் பெற்றோரும் இருக்கின்றோம்.

விளையாட்டும் பிரம்பும்

நண்பரின் மகனுக்கு விளையாட நேரம் உண்டோ என்று நாம் வினவியிருந்தோம். "பரீட்சை முடிந்த பிறகு விளையாடலாம் என்று சொல்லியிருந்தோம், இப்பொழுது அடுத்த பரீட்சைக்கு வகுப்புத் தொடங்கிவிட்டது" என்றார் அவர்.

இமாம் கஸ்ஸாலி தமது "இஹ்யா உலூமித்தீன்" என்னும் பெருநூலிலே பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுமிடத்து, பாடம் முடிந்து வந்த பிள்ளையை நல்ல விளையாட்டிலே ஈடுபடவிட்டு, கற்ற களைப்பு நீங்கச் செய்தல் வேண்டும் என்கின்றார். விளையாட்டைத் தடுத்து ஓயாது படிக்கும்படி நெருக்கினால் பிள்ளையின் உள்ளம் மரத்துவிடும், புத்தி மழுங்கும், வாழ்வே அவனுக்குக் கசந்து, பாடத்திலிருந்து தப்புவதற்குச் சூழ்ச்சி தேடுவான் என்றும் காரணங் காட்டுகின்றார். ஒழுக்கத்திலும் வணக்கத்திலும் மிகக் கண்டிப்பான ஒரு ஞானியின் வாயிலிருந்து வரும் அறிவுரை இது என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இனிப் பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடுமையாக நடத்தப்படும் பிள்ளைக்கு நேருங் கேட்டினை இப்னு கல்தூன் படிப்படியாக விளக்குகின்றார். முதலில் மனத்தின் உற்சாகம் குன்றுகிறது, சோம்பல் புகுகிறது, பின் அடிக்கு அஞ்சிப் பொய் பிறக்கிறது. உள்ளே ஒன்று வைத்துப் புறத்தே ஒன்று காட்டும் வஞ்சனையை அவன் கற்றுக்கொள்கிறான். அதுவே நாளடைவில் அவனுடைய இயல்பாகிறது. தன்னைத் தான் காத்து நிற்கும் ஆண்மை போய், எதற்கும் பிறரை எதிர்நோக்குபவனாகின்றான். பிள்ளைக்கு மட்டுமன்று, கொடுங்கோலின்கீழ் வாடும் சமுதாயத்திற்கும் இதுவே கதி என்று வரலாற்று அறிஞருக்கே உரிய பார்வையுடன் முடிக்கின்றார்.

நமது நாட்டிலே பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டில் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆயினும் பிரம்பு ஒன்றே தண்டனையன்று. "அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்திருக்கிறது, பார்" என்ற வார்த்தையும் பிரம்பே. மாணாக்கனின் பிழையைப் பலரறிய இடித்துரையாது, குறிப்பாகவும் அன்பாகவும் உணர்த்துதல் வேண்டும் என்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகவே கஸ்ஸாலி வைத்திருக்கின்றார். மாணாக்கரைத் தம் மக்களைப் போற் கருதுதல், அவர்களின் அறிவுக்கெட்டாத சுமையை ஏற்றாதிருத்தல், தாம் கற்பிக்காத பிற பாடங்களை இழித்துப் பேசாதிருத்தல் ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன.

நாவிலே விழுந்த பூட்டு

இவையெல்லாம் கற்பிக்கும் முறை பற்றியன. எதற்காகக் கற்பது என்ற வினா ஒன்று இருக்கின்றதே. அதிலேதான் கஸ்ஸாலியின் வாழ்வு நமக்குப் பெரும் பாடமாகின்றது.

1091ஆம் ஆண்டில், முப்பத்து மூன்றாம் வயதளவில், பக்தாத் நகரின் நிஸாமிய்யாக் கலாசாலைக்கு அவர் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அக்காலத்து இஸ்லாமிய உலகிலே அதனினும் பெரும் புகழுடைய ஆசிரியப் பதவி அரிது. முந்நூறு மாணாக்கர் அவரிடம் பாடங் கேட்டனர். நான்கு ஆண்டுகள் சென்றன. 1095ஆம் ஆண்டில் ஒருநாள் பாடஞ் சொல்ல அமர்ந்தார், நா எழவில்லை. தம் நாவிலே இறைவன் பூட்டிட்டுவிட்டதாக அவரே பின்னர் எழுதினார். உணவு இறங்கவில்லை; வைத்தியர்கள் கைவிட்டனர். தாம் இத்தனை காலமும் கற்பித்தது இறைவனுக்காகவன்று, பெயருக்காகவும் புகழுக்காகவுமே என்பதைத் தம் உள்ளத்தை ஆராய்ந்து கண்டுகொண்டதே அந்நோயின் வேர். பதவியைத் துறந்து, திமிஷ்க் நகரை நோக்கிப் புறப்பட்டார். சுமார் பதினொரு ஆண்டுகளின் பின்னரே மீண்டும் கலாசாலை ஆசனத்தில் அமர்ந்தார்.

பெஸ் நகரத்து மாணாக்கன் பேசாதிருந்ததற்குக் காரணம், கற்றது கைவராமை. பக்தாத் நகரத்துப் பேராசிரியர் பேசாதிருந்ததற்குக் காரணம், கற்றதன் பயன் பிழைத்தமை. பிற்காலத்திலே ஒரு மாணாக்கனுக்கு எழுதிய "அய்யுஹல் வலத்" என்னும் மடலில், எத்தனை இரவுகள் உறக்கமின்றி நூல்களைப் படித்தாய், எந்த நோக்கத்திற்காகப் படித்தாய் என்று கஸ்ஸாலி அவனைச் சிந்திக்கத் தூண்டுகின்றார். அக்கேள்வியை அவர் தம்மிடமே முதலிற் கேட்டுக்கொண்டவர் ஆதலின், அதற்கு ஒரு தனி வலிமை உண்டு.

காலம் வேறன்றோ?

"ஐயா, இவையெல்லாம் கேட்பதற்கு இனியவை, ஆனால் அவர்கள் காலம் வேறு, நம் காலம் வேறு" என்று சொல்லும் பெற்றோரின் குரலும் நம் செவியில் விழுகின்றது. அக்குரலில் நியாயம் உண்டு. அந்நாளில் மாணாக்கன் எந்தக் கலாசாலையிற் கற்றான் என்பதைக் காட்டிலும், எந்த ஆசிரியரிடம் எந்த நூலை ஓதினான் என்பதே வினவப்பட்டது. இன்னார் என்னிடம் இந்நூலைக் கற்றார், இதனைப் பிறருக்குக் கற்பிக்கலாம் என்று ஆசிரியர் தம் பெயரால் வழங்கும் "இஜாஸா"வே பட்டமாக விளங்கிற்று. இன்றோ ஆயிரமாயிரம் பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே வினாத்தாளால் அளக்க வேண்டியிருக்கின்றது. புலமைப்பரிசில் என்பது வசதியற்ற குடும்பத்துப் பிள்ளை ஒன்று உதவிப்பணம் பெறுவதற்கும், பெரிய பாடசாலையின் வாயிலுள் நுழைவதற்கும் உள்ள வழி. அதனைப் பொருட்படுத்தாதே என்று ஒரு தாய்க்கு அறிவுரை கூற நமக்கு உரிமையில்லை.

பழங்காலமெல்லாம் பொற்காலம் என்று நாம் மயங்கவும் வேண்டுவதில்லை. அடிக்கும் ஆசிரியர் இருந்தமையாலன்றோ அதன் கேட்டினை இப்னு கல்தூன் எழுத நேர்ந்தது? பெண்மக்களுக்குக் கல்வி வாயில் அகலத் திறந்திருக்கவுமில்லை. ஆயினும், 11ஆம் நூற்றாண்டிலே மக்கா நகரில் நபிமொழி நூலைக் கற்பித்த கரீமா அல் மர்வஸிய்யா போன்ற பெண்மணிகளும் இருந்தனர்; பக்தாதின் பெரும் வரலாற்றாசிரியரான அல் கதீப் அவரிடம் அமர்ந்து கற்றார் என்பதை நம் பெண்மக்கள் அறிந்திருத்தல் நன்று.

பழைய அறிவைப் புதிய காலத்திற்கு ஏற்ப எடுத்தாளுதல் இயலாத காரியமன்று என்பதற்கு நம் தீவிலேயே சான்று உண்டு. அறிஞர் சித்தி லெப்பை 1882ஆம் ஆண்டில் "முஸ்லிம் நேசன்" என்னும் பத்திரிகையைத் தொடங்கி, சமய அறிவும் நவீன கல்வியும் ஒருங்கே வேண்டுமென்று தமிழிலே இடைவிடாது எழுதினார். பெண்மக்களின் கல்விக்காகவும் உழைத்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்து இங்கு வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும், வாப்பிச்சி மரைக்காரின் பெருமுயற்சியும் சேர, 1892ஆம் ஆண்டில் கொழும்பிலே தோன்றிய மத்ரஸாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. முன்னோர் சொன்னதை ஓதுவதோடு நில்லாது, அதனைக் கொண்டு இன்று செய்யத்தக்கது யாது என்று அவர்கள் வினவினர். நாமும் அவ்வாறே வினவுவோம்.

வீட்டிலே செய்யத்தக்கவை

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. வீட்டின் திண்ணையும் இராச் சாப்பாட்டு வேளையும் நம் கையில் உள்ளன.

பிள்ளை அன்று கற்ற பாடத்தை நமக்குக் கற்பிக்கும்படி கேட்போம். "எத்தனை புள்ளி?" என்று வினவுவதற்கு முன், "இன்று என்ன படித்தாய்? எனக்கும் சொல்லித் தா" என்போம். எழுத்தறியாத பாட்டிக்கு விளங்கும்படி ஒரு பாடத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அப்பாடம் கைவந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கடினமான பாடத்தை ஒரே இரவில் திணியாது, முதலிற் பருமட்டாகவும், பின்னர் விளக்கமாகவும், அதன்பின் நுணுக்கமாகவும் மூன்று முறை அணுகச் செய்வோம். நேற்றையதை இன்று மீட்கும் வழக்கத்தை உண்டாக்குவோம்.

மாலையில் ஒரு மணி நேரமாயினும் பிள்ளை ஓடி விளையாடட்டும். அந்த ஒரு மணி நேரம் படிப்பிலிருந்து திருடியதன்று; படிப்புக்குக் கொடுத்தது.

இறுதியாக, நமக்குத் தெரியாததைத் தெரியாதென்று சொல்லப் பழகுவோம். மதீனாவின் பேரறிஞர் இமாம் மாலிக், தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள் கேட்ட கேள்விகள் பலவற்றுக்கும் "அறியேன்" என்றே விடையளித்தார் என்பர். பெரியவர்கள் அறியேன் என்று சொல்லும் வீட்டில்தான் சிறியவர்கள் அஞ்சாமற் கேள்வி கேட்பார்கள்.

அன்று மாலை நண்பர் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், நாம் பையனுடன் முற்றத்திற்கு இறங்கினோம். வீட்டு வேலைக்கென்று ஓரமாகக் கொட்டியிருந்த மணலை நடுவே உயரமாகக் குவிக்கச் சொன்னோம். வாளியில் நீர் எடுத்து உச்சியிலே மெதுவாக ஊற்றச் சொன்னோம். நீர் நாலா பக்கமும் கோடு கிழித்துக்கொண்டு ஓடிற்று. பையன் இருமுறை ஊற்றிப் பார்த்தான். மூன்றாம் முறை ஊற்றும்போது நிமிர்ந்து, "மாமா, நடுவிலே மலை இருப்பதாலா?" என்றான். ஆம் என்றோம்.

அவன் விடவில்லை. "அப்படியென்றால், மகாவலி மட்டும் ஏன் கிட்டவுள்ள கடலுக்குப் போகாமல் வளைந்து திருகோணமலைப் பக்கம் போகிறது?"

நாம் சிறிது யோசித்தோம். நமக்கு விடை தெரியவில்லை. தெரியாதென்றே கூறி, அடுத்த ஞாயிறன்று நிலப்படத்தை வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து தேடுவோம் என்றோம். பையன் தலையசைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு மீண்டும் கிணற்றடிக்கு ஓடினான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்ததாக, நண்பர் மறுநாள் தொலைபேசியிலே சொன்னார்.